எதிர்க் கதிரை

கிளேட்டன்
9 பெப்ரவரி 2025

அன்பின் அக்கா,

கவரில் என் கையெழுத்தைக் கண்டவுடன் குப்பை வாளிக்குள் போட்டிருக்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன். உங்கள் போன் என்னைத் தடுத்து வைத்திருக்கிறது. ஈமெயில் போட்டால் அதைப் பிரிஸ்பேனில் இருந்து உங்கள் மகன் லக்சன்தான் திறந்து பார்ப்பான். அவனுக்கு எங்கள் சண்டை தெரிய வேண்டாம். ஆகவே தபால் கந்தோருக்குப் போனேன். கவுண்டரில் நின்ற பிள்ளை, உள்நாட்டுக்கா வெளிநாட்டுக்கா என்று கேட்டாள். சிட்னிக்கு என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

இங்கே மெல்பேர்னுக்கு வந்து, ஸ்டேசனுக்குப் பின்னால் ஒரு அறை வீட்டில் இருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் ஆய்வுகூடச் சாமான்களுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். வேலை பரவாயில்லை. சாப்பாடு பரவாயில்லை. எல்லாமே பரவாயில்லை.

நடந்ததை ஒருமுறை என் பக்கத்திலிருந்து சொல்ல விடுங்கள். அன்றைக்குக் கார் பார்க்கில் என்னை வாய் திறக்க விடவில்லை நீங்கள்.

நாங்கள் இரண்டு பேரும் செவ்வாய்க்கிழமைகளில் கிளப்புக்குப் போய் விளையாடியது காசு கட்டாத, காசு வராத போக்கர். புள்ளிகள் மட்டும்தான். அந்தப் புள்ளிகளைப் பொறுக்கிப் பொறுக்கி, மாநில இறுதிக்கு ஆள் எடுக்கிற மேசை வரைக்கும் நீங்கள் வந்திருந்தீர்கள். நானும் தட்டுத் தடுமாறி அதே மேசைக்கு வந்திருந்தேன். நீங்கள் உங்கள் சிப்ஸ் முழுவதையும் நடுவே தள்ளினீர்கள். மற்றவர்கள் எல்லாரும் காட்ஸை மடக்கி விலகிவிட்டார்கள். மிச்சம் நான். என் கையில் இரண்டு ஆஸ். அதைவிடப் பெரிய கை அந்த ஆட்டத்தில் கிடையாது. நான் எதிர்த்து நின்றால் நீங்கள் அநேகமாக வெளியே.

என்னைக் கேட்காமலே என் வாய், "நீங்க எடுங்கோ அக்கா" என்றது. என் கை காட்ஸை எறிந்தது. எறிந்தது ஒழுங்காகக் கவிழ்ந்து விழுந்திருந்தால் ஒருவருக்கும் தெரியாமல் போயிருக்கும். பிரண்டு விழுந்துவிட்டது. மேசை முழுக்க அந்த இரண்டு ஆஸையும் பார்த்தது. ஆட்டத்தை நடத்துகிற மோனிகா வந்து, மேசையில் இங்கிலிஷ் தவிர வேறு பாஷை கூடாது என்று தெரியாதா, இப்போது என்ன சொன்னாய் என்று கேட்டாள். நான் ஒரு விசரன், அதை அப்படியே மொழிபெயர்த்தும் சொன்னேன். அக்காவும் தம்பியும் கூட்டுச் சேர்ந்து விளையாடினோம் என்று இரண்டு பேரையும் எழுப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு பருவம் முழுக்கத் தடை.

அக்கா, முந்நூற்றிநாலு விளையாடிப் பழகிய கை இது. அதில் எதிர்க் கதிரையில் இருக்கிறவர் எங்கள் சோடி. சோடி ஒரு பிடியைப் பிடிக்கும்போது எங்களிடம் உள்ள நல்ல காட்ஸை அதில் இறக்கிக் கொடுக்க வேண்டும். அத்தான் இருந்த காலத்தில் உங்கள் குசினி மேசையில் நாங்கள் சோடி சேர்ந்து எத்தனை பேரைத் தோற்கடித்திருக்கிறோம். அந்தப் பழக்கம், வேறொன்றும் இல்லை.

யாமினியைப் பற்றி நீங்கள் கார் பார்க்கில் சொன்னதை நான் மறந்துவிட்டேன்.

பதில் போடுங்கள்.

கேதீஸ்


பென்டில் ஹில்
23 பெப்ரவரி 2025

கேதீஸ்வரனுக்கு,

கவுன்சிலில் இருந்து ஏதோ வந்திருக்கிறது என்று நினைத்துத் திறந்துவிட்டேன். திறந்த பாவத்துக்குப் பதில் எழுதுகிறேன். போனில் கதைக்க மாட்டேன். கதைத்தால் நான் கத்துவேன், நீ அழுவாய், பிறகு உன்னை ஆற்றுகிற வேலையும் என் தலையில் விழும்.

நீ ஒன்றையும் மறக்கவில்லை. மறந்தவன் அதைக் கடைசி வரியில் கொண்டுவந்து வைக்க மாட்டான். யாமினி உன்னை விட்டுப் போனது சும்மா இல்லை என்று நான் சொன்னது உண்மைதான். சொல்லியாயிற்று. இனி என்ன செய்யச் சொல்கிறாய்?

சோடிப் பழக்கம் என்று என்னிடம் பேய்க்கதை விடாதே. நீயா விட்டுக்கொடுக்கிறவன்? லக்சன் பால்பல்லோடு இருந்த காலத்தில் அவனைக் கரம் பலகையில் அழ அழத் தோற்கடித்தவன் நீ. "பிள்ளைக்கு ஒருக்கா விட்டுக் குடன்ரா" என்று உன் அத்தான் கெஞ்சினார். நீ விடவில்லை.

எனக்கு மட்டும் ஏன் விட்டாய்?

நான் சொல்கிறேன் கேள். உன் அத்தான் போன பிறகு எனக்கு எல்லாரும் விட்டுக்கொடுக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் என்னைக் கேளாமலே நைட் ஷிஃப்டை மாற்றிவிடுகிறார்கள். கோயிலில் சாப்பாட்டு வரிசையில், "அன்ரி, நீங்க முன்னுக்குப் போங்கோ" என்கிறார்கள். அங்கே வருகிற ஹரிப்பிரியா வீட்டில் முந்நூற்றிநாலுக்குக் கூப்பிட்டார்கள். போனேன். எல்லா ஆட்டமும் நான்தான் வென்றேன். கையில் வெல்லுகிற துரும்புச் சீட்டை வைத்துக்கொண்டு போடாமல் இருக்கிறார்கள் கேதீஸ், எனக்குத் தெரியாதா? அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை.

அந்தக் கிளப்பில் மட்டும் ஒருத்தரும் எனக்கு விட்டுத்தரவில்லை. நான் போன முதல் கிழமையே லொறி ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு மனுசன் என்னுடைய சிப்ஸை ஒன்று விடாமல் அள்ளிக்கொண்டு, "பேட் லக், லவ்" என்றான். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோசம் உனக்கு விளங்காது. அங்கே நான் புருசனைத் தின்றவளும் இல்லை, பாவப்பட்ட மனுசியும் இல்லை. அந்த ஒரு இடத்திலும் கொண்டுவந்து உன்னுடைய இரக்கத்தைக் கொட்டினாய். தடை வந்ததற்காக உன் மேல் எனக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். தடை இன்னும் கொஞ்ச நாளில் முடிந்துவிடும்.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில் ரயில் ஏறிப் பரமட்டாக் கடைகளுக்குப் போகிறேன். ஒன்றும் வாங்குவதில்லை. திரும்பி வருகிறேன்.

ஏன் விட்டாய் என்று உண்மையைச் சொல்ல முடிந்தால் எழுது. இல்லாவிட்டால் முத்திரையை மிச்சம் பிடி.

சந்திரகலா


கிளேட்டன்
16 மார்ச் 2025

அன்பின் அக்கா,

உங்கள் கடிதம் வந்த அன்று வேலையில் இரண்டு பெட்டிக் கண்ணாடிக் குடுவைகளை உடைத்துவிட்டேன். அவ்வளவுதான் சொல்வேன்.

நீங்கள் சொல்வது சரியாக இருக்கும். பாவம் பார்த்துத்தான் விட்டிருப்பேன். மன்னித்துக்கொள்ளுங்கள். இனி அப்படி நடக்காது.

பக்கத்து வீட்டில் தமிழ்நாட்டுப் பொடியன்கள் நாலைந்து பேர் தங்கிப் படிக்கிறார்கள். அதில் பிரதீப்குமார் என்பவன் படியில் கண்டால், "என்ன அண்ணா, சாப்ட்டீங்களா?" என்று கேட்பான். முதல் தடவை நான் நின்று, இல்லைத் தம்பி, இனித்தான், நேற்று வைத்த பருப்பு இருக்கிறது, சோறு மட்டும் போட வேண்டும் என்று விலாவாரியாகச் சொல்லத் தொடங்கிவிட்டேன். பாவம், அவனுக்கு வகுப்புக்கு நேரமாகியிருக்க வேண்டும். கேட்கிறவர்கள் எல்லாரும் பதிலுக்காகக் கேட்பதில்லை என்பது எனக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. இப்போது "ஓம், சாப்பிட்டன்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிவிடுவேன்.

இங்கேயும் ஒரு பப்பில் புதன்கிழமைகளில் போக்கர் நடக்கிறது. எனக்கு மெல்பேர்னில் தடை இல்லையாம். போய்ப் பார்த்தேன். ஒருவரும் என் பெயரைக் கேட்கவில்லை. தொப்பி போட்டிருந்தபடியால் "ஹாட்" என்று கூப்பிட்டார்கள். கெதியாகத் தோற்று வெளியே வந்து, ஸ்டேசனில் ஒரு ரயிலைப் போகவிட்டு அடுத்ததையும் போகவிட்டேன். எனக்கு ரயில் ஏற வேண்டிய தேவையே இல்லை. வீடு பின்னால்தான் இருக்கிறது.

தடை முடிந்ததும் நீங்கள் திரும்பப் போவீர்களா? போங்கோ அக்கா.

கேதீஸ்


பென்டில் ஹில்
18 மே 2025

கேதீஸ்,

போனேன். போகாமல் பயந்து ஒளிக்க நான் என்ன களவா எடுத்தேன்?

மோனிகா பெயரைப் பதிந்துவிட்டு, "இந்த முறை தம்பி வரவில்லையா?" என்று கேட்டாள். அவன் மெல்பேர்னில் என்றேன். அவள் என் மேசைப் பக்கம் அடிக்கடி நடந்தாள். பார்க்கட்டும்.

ஆட்டம் சரியில்லை. ஒரு கிழமை ராணிச் சோடி வைத்துக்கொண்டு முதல் ஆளாக வெளியே போனேன். அடுத்த கிழமை பயந்து பயந்து எல்லாவற்றையும் மடக்கி, சிப்ஸ் தானாகக் கரைந்து போனது. பிறகொரு நாள் கோபத்தில் விளையாடினேன். கோபத்தில் விளையாடினால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். லொறி மனுசன், "யூ'ர் ஸ்டீமிங், லவ்" என்று சிரித்தான். உண்மைதான், கேத்தல் மாதிரித்தான் கொதித்துக்கொண்டிருந்தேன்.

வெளியேறின மற்றவர்கள் பாரில் நின்று பியர் குடித்துக் கதைப்பார்கள். எனக்குப் பாரில் நிற்கத் தெரியாது. கையில் ஒரு எலுமிச்சைச் சோடாவோடு நின்றேன். ஒருவர் வந்து, யாருக்காவது காத்திருக்கிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டார். ஓம் என்று பொய் சொல்லிவிட்டு, அந்தப் பொய்க்காக இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். ஆட்டத்தில் இருக்கும் வரைக்கும் எனக்கென்று ஒரு கதிரை இருக்கிறது கேதீஸ். வெளியே வந்தால் வீடுதான். வீட்டில் ஆறு கதிரைகள் இருக்கின்றன.

கோயிலில் ஹரிப்பிரியா என்னை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய், "அக்கா, நீங்க பப்பில காட்ஸ் விளையாடுறீங்கள் எண்டு சனம் கதைக்குது. நான் நம்பேல்லை" என்றாள். "நம்பு பிள்ளை, செவ்வாய்க்கிழமை வா, வந்து பார்" என்றேன். முகம் சுருங்கிப் போனது. லக்சனுக்கும் யாரோ கோள் மூட்டியிருக்கிறார்கள். போன் எடுத்து, "அம்மா, யோகா மாதிரி ஏதாவது ட்ரை பண்ணலாமே" என்கிறான். அவன் வந்து என்னோடு நின்று கடைசியாகச் சாப்பிட்டது எப்போது என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. கேட்டால் வருவான், பிறகு கடமைக்கு வந்தவனுக்குச் சமைத்துப் போட வேண்டும்.

பாவம் பார்த்தேன் என்று நீ ஒப்புக்கொண்டது எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

சந்திரகலா


கிளேட்டன்
8 ஜூன் 2025

அக்கா,

ராணிச் சோடியோடு வெளியே போவதெல்லாம் விளையாட்டில் இருக்கிறதுதான். பயந்து மடக்காதீர்கள். நீங்கள் பயந்து நான் கண்டதில்லை, அத்தானின் செத்தவீட்டில் கூட ஐயருக்கு நீங்கள்தான் பிழை திருத்திக்கொண்டு நின்றீர்கள்.

நான் இங்கே கொஞ்சம் தேறிவிட்டேன். ஒரு புதன்கிழமை வென்றேன் என்றால் நம்புவீர்களா? கடைசி ஆளையும் அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் மேசை வெறுமையாக இருந்தது. வென்றவனைத் தவிர மற்ற எல்லாரும் வீட்டுக்குப் போயிருந்தார்கள். டீலர் சிப்ஸை அடுக்கிக்கொண்டு, வாழ்த்துக்கள் என்றார். யாரிடம் சொல்வது என்று யோசித்துப் பிரதீப்குமாரிடம் சொன்னேன். "சூப்பர் அண்ணா" என்றான். சரி, அதுவும் ஒன்றுதானே.

குளிர் தொடங்கிவிட்டது. கால் உளைவுக்குச் சித்தாலேப பூசுகிறீர்களா?

கேதீஸ்


பென்டில் ஹில்
3 ஓகஸ்ட் 2025

கேதீஸ்,

வென்றுவிட்டேன்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன். மாநில இறுதியில் கடைசி மேசை வரைக்கும் இருந்து, தேசிய இறுதிக்கு இடம் எடுத்துவிட்டேன். செப்டெம்பரில். எங்கே என்று நினைக்கிறாய்? உன்னுடைய மெல்பேர்னில்தான்.

கடைசியாக என்னோடு மோதினவள் என் வயதின் அரைவாசி. காதில் ஹெட்போன், வாயில் சுவிங்கம். நான் அவளை நேரே பார்த்துக்கொண்டு ஒன்றும் இல்லாத கையை வைத்துச் சிப்ஸைத் தள்ளினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். கோயிலில் தேவாரம் பாடுகிற மனுசி மாதிரி இருக்கிறவள் பொய் சொல்ல மாட்டாள் என்று நினைத்திருப்பாள். மடக்கிவிட்டாள். ஐயோ கேதீஸ், அந்த நேரத்தில் உன் அத்தான் பக்கத்தில் இருந்திருந்தால் தொடையில் அடித்துச் சிரித்திருப்பார். மோனிகா வந்து கட்டிப்பிடித்தாள். லொறி மனுசன் கைதட்டினான்.

பிறகு காரில் ஏறிச் சாவியைப் போட்டுவிட்டு இருந்தேன். யாருக்கு முதலில் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். லக்சனுக்குச் சொன்னால், கவனம் அம்மா, இதெல்லாம் பழக்கமாகிவிடும் என்பான். கோயில் ஆட்களுக்குச் சொல்ல முடியாது. உன் பெயர் தடுத்து வைத்த பட்டியலில் கிடந்தது. போனை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து கடிதம் எழுதுகிறேன். இது உன் கைக்குக் கிடைக்கும்போது பழைய செய்தியாகியிருக்கும்.

கிளப் ஆட்களோடுதான் வந்து தங்குவேன். உன் வீட்டுக்கு வர மாட்டேன். சும்மா எதிர்பார்த்து வீட்டைக் கூட்டிக் கழுவாதே.

சந்திரகலா


கிளேட்டன்
17 ஓகஸ்ட் 2025

அக்கா!

கடிதத்தைப் படியில் நின்றே வாசித்தேன். பிரதீப்குமார் பயந்து, "என்ன அண்ணா, ஊர்ல எதாச்சும் பிரச்சனையா?" என்று கேட்டான். இல்லையடா, என்ரை அக்கா வெண்டிட்டா என்றேன். அவனுக்கும் கண் கலங்கியது. அவனுடைய அக்கா கோயம்புத்தூரில் இருக்கிறாவாம்.

இனி நான் சொல்வதைக் கேட்டுக் கோபிக்காதீர்கள். எங்கள் விக்டோரியா மாநிலத்தில் இருந்து தேசிய இறுதிக்குப் போகிறவர்களில் நானும் ஒருவன். வேணுமென்று செய்யவில்லை. புதன்கிழமைப் புள்ளிகள் சேர்ந்துவிட்டன. நீங்கள் வருவது தெரிந்ததும் விலகிவிடலாமா என்று யோசித்தேன். விலகினால் அதையும் விட்டுக்கொடுத்தது என்பீர்கள். அதனால் வருகிறேன்.

அவ்வளவு பெரிய மண்டபத்தில், அத்தனை மேசைகளில், எங்களை ஒன்றாக இருத்த மாட்டார்கள். இருத்தினால் நீங்கள் எனக்கு யாரோ ஒரு பொம்பிளை என்று நினைத்து விளையாடுகிறேன். நினைக்க வருமோ தெரியாது. முயற்சி செய்கிறேன்.

வீட்டைக் கழுவிவிட்டேன். உங்களுக்காக இல்லை.

கேதீஸ்


பென்டில் ஹில்
28 ஓகஸ்ட் 2025

கேதீஸ்,

முயற்சி கியற்சி எல்லாம் எனக்குத் தேவையில்லை. தெளிவாக எழுதுகிறேன், தெளிவாக வாசி.

இந்தப் போட்டியை நான் வெல்ல வேண்டும். வாழ்க்கையில் நானாகக் கேட்டு, நானாக எடுத்தது இது ஒன்றுதான். ஆனால் நீ எனக்கு இன்னொரு முறை பாவம் பார்த்து விட்டுக்கொடுத்தால், அன்றோடு எனக்குத் தம்பி இல்லை. எனக்கு மிச்சம் இருக்கிற உறவு நீயும் லக்சனும். அதில் ஒன்றை வெட்டி எறிய எனக்கு விருப்பமா என்று யோசித்துப் பார். ஆனால் செய்வேன்.

சந்திரகலா


கிளேட்டன்
22 செப்டெம்பர் 2025

அன்பின் அக்கா,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? ஹோட்டலில் கேட்டேன், அறையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டா என்றார்கள். மோனிகாவிடம் கேட்டேன், விமானத்தை மாற்றிக்கொண்டு போய்விட்டா என்றாள். உங்கள் போன் இன்னும் என்னைத் தடுத்து வைத்திருக்கிறது.

முதல் நாள் முழுக்க உங்களை மண்டபத்தின் மற்றப் பக்கத்தில் கண்டேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. உங்கள் முன்னால் சிப்ஸ் வளர வளர எனக்குச் சந்தோசத்தில் புளுகம் தாங்கவில்லை. இரண்டாம் நாள் ஆட்கள் குறைந்து மேசைகளை மாற்றினார்களே, சீட்டில் இருந்த இலக்கத்தைப் பார்த்துக்கொண்டு வந்து இருக்கிறேன், எதிர்க் கதிரையில் நீங்கள். முந்நூற்றிநாலுக்கு இருக்கிற அதே இருப்பு. நீங்கள், "குட் ஆஃப்டர்நூன்" என்றீர்கள்.

அந்தக் கை வந்தபோது நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தேன். இரண்டு ராசா. கொஞ்சம் சிப்ஸ் போட்டேன். மற்றவர்கள் மடக்கினார்கள். நீங்கள் உங்களிடம் இருந்த முழுவதையும் இரண்டு கையாலும் நடுவே தள்ளினீர்கள். என்னிடம் உங்களைவிடக் கொஞ்சம் அதிகம் இருந்தது. நான் அதே அளவு போட்டுப் பிடித்துத் தோற்றால் எனக்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. பிடித்து வென்றால் நீங்கள் வெளியே.

எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. யாரோ பொறுமையில்லாமல் நடுவரைக் கூப்பிட்டார்கள். அவர் எனக்கு நேரம் எண்ணத் தொடங்கினார். நீங்கள் மேசைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிடிக்கிறதென்று முடிவெடுத்து, "கோல்" என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, இன்னொருமுறை சொல்லச் சொன்னார்கள்.

உங்கள் காட்ஸைத் திருப்பினால், ஏழும் இரண்டும்! அக்கா, அதைவிடக் கேவலமான கை போக்கரிலேயே இல்லை. உங்களுக்கு என்ன அவசரம்? அவ்வளவு சிப்ஸை வைத்துக்கொண்டு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்திருக்கலாமே. நீங்கள் எழும்பி மேசையில் எல்லாருக்கும் கை கொடுத்தீர்கள். எனக்கும் கொடுத்து, "வெல் பிளேய்ட்" என்றீர்கள். கை குளிர்ந்து கிடந்தது. பிறகு நான் என்ன விளையாடினேன் என்று எனக்கே தெரியாது. கொஞ்ச நேரத்தில் எல்லாவற்றையும் தோற்றுவிட்டு உங்களைத் தேடி ஓடினேன்.

நீங்கள் போன விதம் எனக்கு நெஞ்சில் கிடக்கிறது. அதனால் உண்மையை எழுதிவிடுகிறேன். பாவம் பார்த்து விட்டேன் என்று மார்ச்சில் எழுதியது பொய். நீங்கள் கேட்ட பதிலைச் சொல்லிச் சண்டையை முடிக்கப் பார்த்தேன். யாமினி போன பிறகு, கிழமையில் ஒரு நாள், அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் நான் ஒருவருக்கு எதிரே இருந்து மனுசனாகக் கதைத்தேன். அன்றைக்கு இரண்டு ஆஸையும் பார்த்தபோது எனக்கு வந்தது ஒரே நினைப்புத்தான். நான் வென்றால் அக்கா வீட்டுக்குப் போய்விடுவா, பிறகு நான் யாரோடு இருப்பது? நீங்கள் மாநில இறுதிக்குப் போனால் உங்கள் பையைத் தூக்கிக்கொண்டாவது கூட வரலாம் என்று இருந்தது. உங்களுக்காக விடவில்லை அக்கா. எனக்காகத்தான் விட்டேன். எனக்குப் பயமாக இருந்தது.

இப்போது உங்களை வெளியே அனுப்பியும்விட்டேன். எனக்கு இன்னும் தம்பி என்ற பெயர் இருக்கிறதா என்று ஒரு வரி எழுதுங்கள்.

கேதீஸ்


பென்டில் ஹில்
28 செப்டெம்பர் 2025

அன்பின் தம்பி,

விசரா. ஏழும் இரண்டும் என்று எனக்குத் தெரியாமலா தள்ளினேன்?

உனக்கு நல்ல காட்ஸ் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாய். சின்ன வயதில் இருந்து துடைக்கிறாய். எத்தனையோ வருசம் உனக்கு எதிரே இருந்தவள் நான், எனக்குத் தெரியாதா? நீ துடைத்த உடனேயே விளங்கிவிட்டது, உன்னிடம் ஆஸ் இருக்கிறது, இல்லாவிட்டால் ராசா. நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றும் இல்லை. மடக்கிவிட்டுப் பேசாமல் இருந்தால் போதும். என் சிப்ஸ் என்னிடம் இருக்கும். அந்த மேசையில் நல்லாய் விளையாடிக்கொண்டிருந்தவள் நான்தான், புளுகவில்லை, மோனிகாவும் அதைத்தான் சொன்னாள்.

ஆனால் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. இன்றைக்குத் தெரியாவிட்டால் இனி எந்த நாளில்? உன்னிடம் கேட்டால் நீ ஆயிரம் சொல்வாய். அதனால் எல்லாவற்றையும் தள்ளினேன். நீ மடக்கியிருந்தால் சிப்ஸ் முழுக்க எனக்கு. தம்பி போயிருப்பான். நீ யோசித்துக்கொண்டிருந்தாயே, அந்த நேரத்தில் நான் முருகனையும் பிள்ளையாரையும் மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், என்னை எப்படியாவது தோற்கடிக்கச் சொல்லி. தோற்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டவள் அந்த மண்டபத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மோனிகாவுக்கு இது தெரிந்தால் இந்த முறை தடை எனக்குத்தான், அதுவும் சரியான காரணத்துக்கு.

நீ "கோல்" என்றாய். இரண்டாவது முறையும் சொன்னாய். வெல் பிளேய்ட் என்று நான் சும்மா சொல்லவில்லை. அதற்கு மேல் ஒரு வார்த்தை கதைத்திருந்தால் அத்தனை சனத்துக்கு முன்னால் அழுதிருப்பேன். அதனால்தான் ஓடினேன். உன் மேல் கோபத்தில் இல்லை.

விமானத்தில் வரும் வரைக்கும் சந்தோசமாக இருந்தேன். வீட்டுக் கதவைத் திறந்த பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. போட்டி முடிந்துவிட்டது. உன்னோடு இருந்த சண்டையும் முடிந்துவிட்டது. பத்து மாதமாக, சமைக்கும்போதும் உடுப்பு மடிக்கும்போதும் நான் மனதுக்குள் உன்னோடுதான் வாய் காட்டிக்கொண்டிருந்தேன். அது நின்ற பிறகு இந்த வீடு எவ்வளவு சத்தமில்லாமல் இருக்கிறது என்று தெரிகிறது. செவ்வாய்க்கிழமை கிளப்புக்குப் போக உடுத்திக்கொண்டு வாசல் வரை போனேன். போக மனம் வரவில்லை. அங்கே எதற்காகப் போனேன் என்று யோசித்தேன். பாவம் பார்க்காத சனத்தைத் தேடித்தான் போனேன் என்று உனக்கு எழுதினேன். அது முழு உண்மை இல்லை. ஆட்கள் இருக்கிற இடத்தைத் தேடிப் போனேன்.

உன் கடிதத்தை வாசித்தேன். பயத்தில் விட்டாய் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் உன்னை இந்த வருசம் முழுக்க வதைத்திருக்க மாட்டேன். யாமினியைப் பற்றிச் சொன்னது பிழை, தம்பி. நீ அந்தப் பிள்ளையை எப்படி வைத்திருந்தாய் என்று எனக்குத் தெரியும். உனக்கு எங்கே நோகும் என்று தேடிப் பார்த்துத்தான் அதைச் சொன்னேன். என்னை மன்னி.

உன் இலக்கத்தைப் போனில் திறந்து விட்டிருக்கிறேன். ஆனால் நீ எனக்குப் போன் எடுத்துக் கதைக்காதே. எடுத்தால், "நான் நல்லாய்த்தான் இருக்கிறன், நீ உன்ரை வேலையைப் பார்" என்று என் வாய் சொல்லிவிடும். லக்சனுக்கு அதைத்தான் சொல்கிறேன். கோயிலிலும் அதைத்தான் சொல்கிறேன். கேட்கிறவர்கள் எல்லாரும் நம்பிவிடுகிறார்கள்.

லீவு போட்டு வா. சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போக இல்லை, கொஞ்ச நாள் வந்து நில். கடமைக்கு வந்தாலும் சரி, பாவம் பார்த்து வந்தாலும் சரி, நான் ஒன்றும் கேட்க மாட்டேன். என்னால தனிய இருக்க ஏலாமல் கிடக்கு, தம்பி.

அக்கா